உன் அப்பாவின் வாயில் இப்போது விசில்

வோலோஸ்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் எவாந்தியாவுக்கு உன் அம்மா மாலமா ஆசி கூறி எழுதுவது. உன் நலம், மாப்பிள்ளை ஸ்தமாத்திஸ் நலம், ஞானஸ்நானம் ஆகாததால் இன்னும் பெயர் வைக்காத நம் பாப்பாவின் நலம், அவளுக்கு முளைத்திருப்பதாக நீ சொன்ன அந்த ஒற்றைப் பல்லின் நலம் எல்லாம் அறிய ஆவல். இங்கே நானும் உன் அப்பா வாயோஸும் சுகமாக இருக்கிறோம். என் முட்டி வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

போனில் அடிக்கடி பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ நினைப்பாய். போனில் நான் "அப்பா" என்று ஆரம்பித்தவுடனே உனக்கு அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. யானினாவில் உன் வீட்டில் மட்டும் காலை, மதியம், மாலை எந்த நேரமும் பால் பொங்குகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பால் பொங்கினால் அணைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து படித்துக்கொள்ளலாம். அப்பா இப்போது கடற்கரையில் ஓடப் போயிருக்கிறார். ஆமாம், ஓடத்தான். பஸ் ஸ்டாப்புக்கு நடப்பதையே அவமானமாக நினைத்த அதே மனுஷன்தான். அவர் திரும்பி வருவதற்குள் எழுதி முடித்தாக வேண்டும், ஏனென்றால் இப்படி ஒரு கடிதம் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் எழுத விடமாட்டார்.

உன் கல்யாணத்தன்று நடந்ததை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கிறது. அப்பா உன்னைக் காரில் அழைத்துக்கொண்டு மலைமேல் இருக்கும் அந்தத் தேவாலயத்துக்கு வந்தார். முந்தின நாள் மழை. வாசலுக்குப் போகிற வழியை ஒரு நீலக் கார் குறுக்கே நின்று மறைத்திருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா ரீஸோஸ் அதன்மேல் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். நீ வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினாய். வேலை பார்த்த காலம் முழுக்க இந்த ஊரில் பஸ் ஓட்டிய மனுஷனுக்குக் குறுக்கே நிற்கும் காரைப் பார்த்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். அவர் கத்தினார். வெறுமனே கத்தியிருந்தால் காற்றோடு போயிருக்கும். வரவேற்புப் பாட்டுக்காகத் தேவாலயப் பாடகர் வாசலில் வைத்திருந்த மைக் வேலை செய்துகொண்டிருந்தது. ரீஸோஸின் ஓட்டுநர் உரிமம், அதைக் கொடுத்த அதிகாரி, அவரை வளர்த்த தாய், அந்தத் தாயை வளர்த்த தாய் என்று மாப்பிள்ளை வீட்டின் வம்ச வரலாறு முழுவதும் தேவாலயத்துக்குள் ஒலிபரப்பானது. சம்பந்தியம்மா மயங்கி விழுந்தாள். நீ அதற்குப் பிறகு அப்பாவிடம் பேசவில்லை.

பாப்பா பிறந்தபோது மருத்துவமனைக்கு நான் மட்டும் வந்தேன். ஞானஸ்நானம் செப்டம்பரில் என்று நீ சொன்னபோது அப்பாவைப் பற்றிக் கேட்டேன். "மாறிடுவார், மாறிடுவார்னு நம்பி இன்னொரு விசேஷத்தையும் என்னால பலி குடுக்க முடியாதும்மா" என்றாய். நீ சொன்னது நியாயம். அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார், எல்லாம் கேட்டிருக்கும். வெளியே வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாலமா, நான் கத்தறத நிறுத்தப் போறேன்" என்றார். அதையே கத்தித்தான் சொன்னார். மேல்வீட்டிலிருந்து "ரொம்ப சந்தோஷம்!" என்று பதில் வந்தது.

முதலில் கடலை முயன்றார். குளிர்ந்த தண்ணீரில் தினமும் இறங்கினால் ரத்தம் சாந்தமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிப்ரவரி மாதம், பீலியோ மலையெல்லாம் வெள்ளையாகப் பனி, இவர் அனாவ்ரோஸ் கரையில் அரை நிக்கரோடு இறங்கினார். இடுப்பு வரை போகும்வரை ஒன்றுமில்லை. இடுப்புக்கு மேலே தண்ணீர் வந்ததும் கடலைப் பார்த்து ஒரு கத்து கத்தினார் பார், யாரோ மூழ்குகிறார்கள் என்று மீன்பிடிப் படகு ஒன்று திரும்பி வந்தது. படகுக்காரன் கயிற்றை வீசினான். எதுக்குடா என் தலைமேல கயித்த வீசறே என்று அவனுக்கும் கிடைத்தது.

அப்புறம் பாதிரியாரிடம் போனார். கோபம் வருகிறபோதெல்லாம் "ஆண்டவரே, இரங்கும்" என்று சொல்லுங்கள், போதும் என்றார் அவர். நல்ல யோசனைதான். ஆனால் உன் அப்பா அதைச் சொல்லும் விதத்தை நீ கேட்டிருக்க வேண்டும். கடைத் தெருவில் ஒரு வேன்காரன் குறுக்கே வந்துவிட்டான். இவர் ஜன்னலை இறக்கி, அவன் முகத்துக்கு நேரே, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆண்டவரே! இரங்கும்!" என்றார். அந்தப் பையன் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, "எங்கம்மாவப் பத்தி என்ன சொன்னே?" என்று சட்டையைப் பிடித்துவிட்டான். அதன் பிறகு உண்ணாநோன்பு. பெரிய நோன்புக் காலத்தில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடவில்லை. பசியில் இன்னும் மோசமானார். ஈஸ்டருக்கு முன்னால் ஒருநாள் ரேடியோவோடு சண்டை போட்டார். வானிலை அறிக்கை வாசிக்கிற பெண்ணோடு. இனி இது நடக்காது என்று நான் கைவிட்டுவிட்டேன்.

அவர் கைவிடவில்லை.

மாந்தோஸை உனக்குத் தெரியும், முடி திருத்துகிறவர். அப்பாவின் தலையில் முடி நிறைய இருந்த காலத்திலிருந்து வெட்டுகிறார். ஒருநாள் சிப்புரோ சாராயக் கடையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், நானும் இருந்தேன், மேசையில் வறுத்த நெத்திலி வந்திருக்கிறது. அப்பா தன் தோல்விகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாந்தோஸ் கேட்டுவிட்டு, "வாயோ, ஒனக்கு மருந்து தண்ணியிலயும் இல்ல, ஜபத்துலயும் இல்ல. நீ வாழ்க்கை பூரா அடுத்தவன திட்டித்தான் பழக்கம், திட்டு வாங்கிப் பழக்கமில்ல. ரெஃப்ரியாப் போ. ஒரே ஞாயித்துக்கிழம, பாக்கி மொத்தமும் வந்து சேந்துடும்" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், என்னை மன்னித்துவிடு. உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு எங்க போய்ச் சேரணும்?" என்று கேட்டார்.

வயசான ஆட்கள் ஆடும் போட்டி ஒன்று நம் ஊரில் நடக்கிறதல்லவா, பேக்கரிக்காரர்கள், துறைமுகத்து ஆட்கள், டாக்ஸிக்காரர்கள் எல்லாம் தனித்தனி அணி கட்டி ஆடுவார்கள். அதற்கு நடுவராக வர யாருக்கும் தைரியம் கிடையாது. போன வருஷம் நடுவராக இருந்தவர் பாதி ஆட்டத்தில் சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்குப் போய்விட்டாராம். அதனால் அப்பாவின் வயதையோ வயிற்றையோ யாரும் கேட்கவில்லை. விதிப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். சமையலறை மேசையில் உப்பு டப்பா, மிளகு டப்பா, ஆலிவ் கொட்டைகளை எல்லாம் வைத்து ஆஃப்சைடு படித்தார். விடிந்ததும் எழுந்து துறைமுகம் வரை ஓடினார். முதல் வாரம் ஓடிப் போய் பஸ்ஸில் திரும்பி வந்தார். கூட பஸ் ஓட்டிய பழைய ஆட்களெல்லாம் "என்ன வாயோ, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்களாம். பதில் சொல்லவில்லை என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். மூச்சு வாங்கியதில் பதில் சொல்ல முடியவில்லை என்பதையும் அவரே சொன்னார்.

முதல் ஆட்டம் பேக்கரிக்காரர்களுக்கும் துறைமுகத்து ஆட்களுக்கும். நான் போர்வையும் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். முதல் பாதி நன்றாகவே போனது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் அவருடைய கண்ணைப் பற்றிச் சொன்னான், கேட்டுக்கொண்டார். வயிற்றைப் பற்றிச் சொன்னான், கேட்டுக்கொண்டார். "பஸ்ஸத்தான் கரெக்டா நிறுத்தத் தெரியல, ஆட்டத்தயாவது நிறுத்தாம விடுய்யா!" என்றான். அவ்வளவுதான். தொழிலைப் பற்றிப் பேசிவிட்டான். உன் அப்பா திரும்பினார், நெஞ்சு விரிந்தது, அந்தப் பழைய குரல் கிளம்பியது. மரத்திலிருந்த புறாக்கள் மொத்தமாகப் பறந்தன. பேக்கரி அணியின் கோல்கீப்பர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

அப்புறம், பாதி வார்த்தையில், சத்தம் நின்றது. நான் போர்வையை விலக்கிப் பார்த்தேன். அப்பா மைதானத்தின் நடுவில் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். மெதுவாகப் பையில் கைவிட்டுச் சிவப்பு அட்டையை எடுத்தார். வேலிக்காரனுக்குத்தான் காட்டப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அதைத் தன் தலைக்கு மேலேயே தூக்கிப் பிடித்தார். எல்லாப் பக்கமும் தெரியும்படி பிடித்துவிட்டு, விசிலைக் கழற்றி கோல்கீப்பர் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்து வந்து காரில் உட்கார்ந்துகொண்டார்.

நான் பின்னாலேயே போனேன். "என்ன வாயோ பண்ணே?" என்றேன்.

"விதி விதிதான் மாலமா. மைதானத்துல நின்னு கெட்ட வார்த்த பேசறவன் வெளிய போகணும்."

"அது ஆடறவங்களுக்கு."

"நானும் அங்கதான நிக்கறேன்."

சாவியைப் போட்டார், ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை. அன்றைக்குத்தான் அவர் அதைச் சொன்னார், எவாந்தியா. இதை உனக்குச் சொல்லத்தான் நான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன் என்று நினைக்கிறேன். "கல்யாணத்தன்னிக்குக் கத்தி முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தேன். கொழந்த என்னப் பாக்கல. தரையப் பாத்துட்டு நின்னா. பஸ்ல நான் கத்தினா பயணிங்க அப்பிடித்தான் நிப்பாங்க. எப்ப ஸ்டாப் வரும், எப்ப எறங்கிக்கலாம்னு. அவ எறங்கிட்டா, மாலமா." அவ்வளவுதான் சொன்னார். நான் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக் கொடுத்தேன்.

இத்தோடு நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொன்னால் கோபித்துக்கொள்ளாதே, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஊர் முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்தது. தன்னைத் தானே வெளியேற்றிக்கொண்ட நடுவரை யார் பார்த்திருக்கிறார்கள்? காய்கறிக் கடைக்காரர் அப்பாவைக் கண்டதும் ஒரு சிவப்புக் குடைமிளகாயைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். சிப்புரோ கடைக்குள் நுழைந்தால் மேசைக்கு மேசை சிவப்புக் கைக்குட்டை பறக்கும். முன்பெல்லாம் இதில் நூற்றில் ஒரு பங்கு நடந்திருந்தால்கூட அந்தக் கடை தாங்கியிருக்காது. இவர் தலையைத் தாழ்த்தி வணக்கம் சொல்லிவிட்டு, குடைமிளகாயை விலைக்கு வாங்கி வந்தார். ஒரு வாரம் நாங்கள் அரிசி அடைத்த குடைமிளகாய்தான் சாப்பிட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற சத்தம் கேட்டு நான் எழுந்தேன்.

அவர் கண்டுபிடித்த வழி எளிது. விசிலைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொள்வது. விசில் வாயில் இருந்தால் வார்த்தை வெளியே வராது, காற்றுதான் வரும். காற்று வந்தால் விசில் சத்தம் வரும், சத்தம் வந்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், ஆட்டத்தை நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் கோபம் வந்தால் மூச்சையே விடாமல் நிற்கப் பழகினார். வீட்டிலும் அப்படித்தான். சூப்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால் ஒரு சின்ன விசில் வரும். உப்பு அதிகமென்றால் கொஞ்சம் நீளமான விசில். வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் வருகிறேன் வருகிறேன் என்று பல நாள் இழுத்தடித்துவிட்டு வந்து, எதையோ கழற்றி, சமையலறை முழுக்கத் தண்ணீரை விட்டுவிட்டார். அப்பா கணுக்கால் தண்ணீரில் நின்றார். கன்னம் இரண்டும் உப்பின. முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. கடைசியில் கொதிக்கிற கெட்டில் மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம் மட்டும் வந்தது. விசிலை எடுத்துவிட்டு, "ஒரு காபி குடிக்கறீங்களா?" என்று கேட்டார். அந்த மனுஷனுக்குப் பழைய வாயோஸைத் தெரியும் போலிருக்கிறது. பயந்து, ஸ்பானரைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார். தண்ணீரை நாங்கள் இருவரும்தான் துடைத்தோம். துடைத்துக்கொண்டே அவர் சிரிக்க ஆரம்பித்தார், எனக்கும் வந்துவிட்டது.

இதெல்லாம் சுலபமாக வந்ததென்று நினைக்காதே. சில ஆட்டங்களுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், தாடை வலிக்கிறது என்பார். ஒரு விசிலைக் கடித்தே உடைத்துவிட்டார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட தவறவில்லை. கூட்டமும் மெல்ல மாறியது. திட்டிப் பார்த்தார்கள், ஆள் அசையவில்லை. அசையாத ஆளைத் திட்டுவதில் என்ன சுவை இருக்கிறது? இறுதி ஆட்டம் வந்தபோது, வாயோஸ்தான் நடுவர் வேண்டும் என்று இரண்டு தரப்பும் கேட்டன.

இரண்டு தரப்பு என்றால் நம் ஊர் கடைக்காரர்கள் அணி, அதில் மாந்தோஸ் தடுப்பாளர். எதிரே லாரிசா ஊர்ப் போட்டியில் ஜெயித்து வந்த டயர் கடைக்காரர்கள் அணி. வோலோஸுக்கும் லாரிசாவுக்கும் கால்பந்து என்றால் எப்படியென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ அங்கேயே போய் மாப்பிள்ளை பிடித்தவள். அந்த அணிக்குப் பயிற்சி தருகிறவர் யார் தெரியுமா? வண்டியிலிருந்து இறங்கியபோதுதான் நாங்களே பார்த்தோம். ரீஸோஸ் பெரியப்பா.

"வாயோ, காய்ச்சல்னு சொல்லிடு, வா போயிடலாம்" என்றேன். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார், இல்லை என்று.

ரீஸோஸ் முதல் நிமிஷத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டார். அந்த மனுஷனுக்கும் நெஞ்சில் பாக்கி இருந்தது, நாம்தானே வைத்தோம். "டிரைவர்! கண்ணாடியத் தொட!" "டிரைவர்! மைக் வேணுமா, கொண்டாரவா?" எங்கள் பக்கத்து ஆட்கள் பதிலுக்குக் கத்தினார்கள். அப்பா ஓடிக்கொண்டே இருந்தார். அப்புறம், இரண்டாம் பாதியில், அவர்கள் போட்ட கோலை இவர் ஆஃப்சைடு என்று தள்ளிவிட்டார். ரீஸோஸ் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, "பேத்தி மொகத்தயே காட்டாம வெச்சிருக்காங்க, இவனுக்கு ஆஃப்சைடு மட்டும் தெரியுதாம்!" என்றார்.

நான் எழுந்துவிட்டேன், கையில் பிளாஸ்க் இருந்தது, அதை வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அப்பா ரீஸோஸை நோக்கி நடந்தார். எதிரில் போய் நின்றார். முகம் எந்த நிறத்துக்குப் போனது என்று சொல்ல மாட்டேன். அப்புறம் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். இன்னொரு காலையும் அவிழ்த்துக் கட்டினார். அவ்வளவு நிதானமாக ஒரு மனுஷன் ஷூ லேஸ் கட்டி நான் பார்த்ததில்லை. நிமிர்ந்து, விசிலை எடுத்துவிட்டு, "ரீஸோஸ், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்குங்க" என்றார். "நின்னுக்குங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார், என் காதாலேயே கேட்டேன். ரீஸோஸ் கோட்டுக்கு வெளியே போய் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவள், நாங்கள் தோற்றுவிடுவோமோ என்று நான் அழுவதாக நினைத்துத் தேற்றினாள்.

ஆனால் அது பெரிசில்லை. ஆட்டம் முடிகிற நேரம், இரண்டு பக்கமும் சமம். லாரிசாக்காரன் ஒருவன் பந்தோடு உள்ளே நுழைகிறான், மாந்தோஸ் பின்னாலிருந்து காலை வாரிவிட்டார். அப்பா பார்த்தார். வேறு யாரும் சரியாகப் பார்க்கவில்லை, தூசி. பேசாமல் விட்டிருந்தால் ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். பேத்தியைச் சொல்லிக் குத்திக் காட்டியவனுக்குச் சாதகமாக ஏன் கொடுக்க வேண்டும்? நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அப்பா விசில் ஊதி, பெனால்டி இடத்தைக் கையால் காட்டினார்.

பூசணி விதைத் தோல், ஐஸ் காபி, யாரோ ஒருவருடைய செருப்பு, எல்லாம் பறந்து வந்தன. மாந்தோஸ் ஓடிவந்து, "வாயோ! எத்தன வருஷமா ஒன் தலைய நான் வெட்டறேன்! எனக்கே எதிராவா?" என்று மூக்குக்கு மூக்கு நின்றார். அப்பா விசிலை எடுத்துவிட்டு, "அப்ப இனிமே முடி வளத்துக்கறேன், மாந்தோ" என்றார்.

முதலில் சிரித்தது மாந்தோஸ்தான். அப்புறம் மைதானம் முழுக்கச் சிரித்தது, செருப்பை எறிந்தவனும் சேர்ந்து. அவருடைய கோபம் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தேனே, அது எங்கேயும் போகவில்லை. உள்ளேயே கிடந்து பக்குவப்பட்டு வேறு ஒன்றாக ஆகியிருக்கிறது. பெனால்டியை அவர்கள் கோலாக்கினார்கள், நாங்கள் தோற்றோம். யாரும் சுவர் ஏறிக் குதிக்கவில்லை.

ஆட்டம் முடிந்து காரண்டை ரீஸோஸ் வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். "ஏன் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"காலத் தட்டினான், குடுத்தேன்."

"நான் பேசினதுக்கு அப்புறமுமா?"

"நீங்க பேசினது வேற. அவன் தட்டினது வேற." அப்புறம் அப்பா மூச்சை இழுத்துக்கொண்டு, "ரீஸோஸ், அன்னிக்கு உங்க அம்மாவப் பத்தி, பாட்டியப் பத்தி நான் பேசினது மகா தப்பு. மன்னிச்சுக்குங்க. ஆனா காரத் தப்பா நிறுத்தியிருந்தீங்க, அது தப்புதான்" என்றார்.

ரீஸோஸ் தலையைச் சொறிந்தார். "அந்தக் காரு என்னுது இல்ல."

"பின்ன?"

"பாதிரியாரோடது. லேட்டாயிடுச்சுன்னு குறுக்க விட்டுட்டு உள்ள ஓடிட்டார். கல்யாணத்தன்னிக்குப் போய் அவரு மானத்த வாங்க வேணாம்னுதான் வாய மூடிட்டு நின்னேன்."

அப்பா அப்படியே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை திட்டையும் அந்த மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல் வாங்கியிருக்கிறார், அடுத்தவருக்காக. "விசில்கூட இல்லாமலா?" என்று கேட்டார். ரீஸோஸுக்கு அது புரியவில்லை. "அன்னிக்கு வாய மூடினேன், அப்புறம் மூடல. ஒங்களப் பத்தி லாரிசா பூரா சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். பேத்தியைப் பற்றிச் சொன்னதற்குத் தன் நாக்கு அழுக வேண்டும் என்றும் சொன்னார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் இரண்டு பேரும் சிப்புரோ கடையில் உட்கார்ந்து, பாதிரியார்கள் கார் ஓட்டும் விதத்தைப் பற்றி, மிகவும் தாழ்ந்த குரலில், நெடுநேரம் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான், "எவாந்தியாகிட்ட இதச் சொல்லவா?" என்று கேட்டேன். "வேணாம்" என்றார். "இதெல்லாம் பண்ணினேன், கதவத் தொறன்னு கேட்டா அது வியாபாரம். அவ கூப்ட்டா வருவேன். கூப்டலன்னா அடுத்த ஞாயித்துக்கிழம டாக்ஸிக்காரங்க சும்மா ஆடற ஆட்டம் இருக்கு." சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தார். நான் இந்த மனுஷனைக் கட்டிக்கொண்ட காலத்தில் அவருடைய தோளைப் பார்த்து மயங்கினேன், அந்த வயது அப்படி. இப்போது பார்க்கிறதுதான் ஆண்பிள்ளை என்று தோன்றுகிறது. இதை அவரிடம் சொல்லிவிடாதே, தலைக்கு ஏறிவிடும்.

அதனால் நான் கேட்கிறேன், அவர் கேட்கவில்லை. செப்டம்பரில் அவரையும் கூப்பிடு. நம் வீட்டில் இப்போது நிலவுகிற அமைதியை நீ வந்து பார்க்க வேண்டும், மேல்வீட்டுக்காரர்கள் எங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று இறங்கி வந்து விசாரிக்கிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு உயர்ந்த குரல்கூட எழாது என்று, அவர் சார்பாகவும் என் சார்பாகவும், உன் தாய் நான் உத்தரவாதம் தருகிறேன். பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு நான் பின்னின துண்டும் தொப்பியும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. தொப்பி கொஞ்சம் பெரியது, தலை வளரும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. சம்பந்தியம்மாவுக்கு மரியாதையான வணக்கங்கள், ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடச் சொல். பாப்பாவின் அந்த ஒற்றைப் பல்லுக்கு ஒரு முத்தம். தேவமாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உன் அம்மா மாலமா

பி.கு. இதைத் திங்கட்கிழமை காலை, அப்பாவைக் காபி வாங்க அனுப்பிவிட்டு, பார்சலைப் பிரித்துத் தபால் நிலையத்தின் மேசையில் எழுதுகிறேன், பேனா தபால் நிலையத்துடையது, அதனால் கிறுக்கல். பார்சலைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் வந்தார், உள்ளே கடிதம் இருப்பது தெரியாது. வரிசையில் வெகுநேரம் நின்றோம். எங்கள் முறை வந்தபோது கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்து, "ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும்" என்று சொல்லி, பையிலிருந்து கட்டுக் கட்டாகக் கவர்களை எடுத்து வைத்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு சுவரில் இருந்த தபால்தலைப் படங்களை ரசித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அவனுடைய கண்ணாடியில் ஆரம்பித்தேன், அவனை வளர்த்தவர்கள் வழியாகப் போய், நம் ஊர் மேயரில் முடித்தேன் என்று சொல்கிறார்கள். வெளியே தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஆளிடம், "மன்னிச்சுக்குங்க, இவ இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கா" என்றார். அப்புறம் என் காதண்டை குனிந்து, "நல்லா இருந்துதா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார் பார்!

எவாந்தியா, கத்தி முடித்ததும் முட்டி வலிகூட இல்லை. உடம்பு முழுக்க இறகு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு சுகமான ஒன்றையா இந்த மனுஷன் உனக்காக விட்டுவிட்டு நிற்கிறார்! அதனால் மேலே நான் கொடுத்த உத்தரவாதத்தை அடித்துவிடு. அப்பாவைத் தேவாலயத்துக்குள் முன்வரிசையில் உட்கார வை. எனக்கு வெளியே மரத்தடியில் ஒரு நாற்காலி போட்டால் போதும். மைக்கை மட்டும் உள்ளே எடுத்து வைத்துவிடச் சொல்.